காப்பும் படியும்

கடலூர் நீதிமன்றத்துக்கு வெளியே உள்ள கடையில் 'ஜெராக்ஸ்' என்று கேட்கிற தாள், உள்ளே போனதும் 'நகல்' ஆகிவிடும். நகலும் அசலும் அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக நம் பத்திரங்களில் ஏறிய சொற்கள். 'பிரதி' வடமொழி. கணினிக்காரர்கள் 'பேக்கப்'புக்கு வைத்த பெயர் காப்புப்படி. கலைச்சொல் குழு ஒன்று உட்கார்ந்து ஒட்டவைத்ததுபோல் ஒலிக்கும். ஆனால் அதன் இரண்டு பாதிகளும் 12ஆம் நூற்றாண்டு நூலொன்றில், ஒரே வழக்கில், சேர்ந்தே வருகின்றன.

நூல், சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரிய புராணம். சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குக் கிழவர் ஒருவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்கிறார். ஆதாரமாக அவர் வைத்திருந்த ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்து ஊர் அது. கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலைதான், சுந்தரருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். சபையார் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. அதே பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, கையெழுத்தை ஒப்பு நோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆவணங்களை அரணோடு வைத்த இடம்தான் இங்கே காப்பு.

'கா' என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. கை வளையலும் காப்பு, திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு, நூலின் முதலில் வைக்கும் செய்யுளும் காப்பு. 'படி'யின் பழைய பொருளைக் கல்வெட்டு ஆய்வாளர்களிடம் இன்றும் பார்க்கலாம். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களில் இறங்கும்படி தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். அதற்குப் பெயர் படியெடுத்தல்.

காப்பு மட்டும் இருந்து படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி சிதம்பரத்திலேயே இருக்கிறது. தேவார ஓலைகள் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னன் திறக்கச் செய்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது என்கிறது திருமுறை கண்ட புராணம். மிஞ்சியவற்றைத் தொகுத்தவர் காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. அந்தத் தொகுப்பில் இடம்பெறாத சம்பந்தர் பதிகம் ஒன்று, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. வேறு ஊர், ஓலைக்குப் பதில் கல். அதனால் தப்பியது.

இப்போது வீடுகளுக்கு வரும் 'நாஸ்' எனும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியில் கதை தலைகீழ். உள்ளே இரண்டு வட்டுகள், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். வாங்கியவர் நிம்மதியாகிவிடுகிறார். என் பார்வையில் அங்கே படி இருக்கிறது, காப்பு இல்லை. ஒரு வட்டு பழுதானால் மற்றது கைகொடுக்கும், அவ்வளவுதான். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். அந்தப் பெட்டிக்குக் கணினியில் எப்போதும் திறந்து கிடக்கும் 'இசட் டிரைவ்' வழியாகப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். எனவே பேக்கப்புக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதன் கடவுச்சொல்லை அன்றாடக் கணக்குகள் அறியக்கூடாது. தேதிவாரியான ஸ்னாப்ஷாட்களும் வேண்டும். கோப்புகளை மறையாக்கம் செய்தால், திறவுகோலை அதே பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

மூன்றாவது படி வேறு ஊரில் இருக்கட்டும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என்று எல்லாம் பார்த்த ஊர் கடலூர். சிதம்பரத்துச் சொந்தக்காரர் வீடு போதாது. அதே புயல் அங்கேயும் போகும். திருச்சி, கோவை என்றால் சரி.

வெண்ணெய்நல்லூர்ச் சபையார் செய்த ஒப்பு நோக்கும் வேலையைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை. இந்த வாரமே வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனைப் பெட்டியிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டெடுத்து, திறக்கிறதா என்று பார்த்து, மூலத்தோடு ஒப்பு நோக்கிவிடுங்கள்.