விண்ணைக் காட்டும் ஆடி

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிச் சூரியநெல்லி என்னும் மலையூர் அமைந்திருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கிழக்கே மலை சரிந்து இறங்கினால் போடிநாயக்கனூர்ச் சமவெளி; வடகிழக்கே பழனி மலைத்தொடர்; அதன்மேல் கோடைக்கானல். மழை ஓய்ந்து மூடுபனி விலகும் தை, மாசி மாதங்களின் இரவுகளில் அங்கே நின்று மேலே நோக்குவோர், பெருநகரத்து விளக்குகளிடையே மறைந்துபோன விண்மீன்களையெல்லாம் மீண்டும் காண்பர்.

இத்தகைய ஊர்களிலிருந்தும், தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்தும் புறப்பட்டு மும்பை, டில்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் குடியேறிய நம்மவர் பலர், பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்ட விரும்பிச் சிறு தொலைநோக்கி ஒன்றை வாங்குகின்றனர். முதல் இரவில் சனிக் கோளை நோக்குகின்றனர். வளையம் தெரியவில்லை, வால் முளைத்த ஓர் ஒளித்திட்டே தெரிகிறது. 'கருவி பழுது' என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். ஒரு மாதத்துக்குள் அது பரணேறிவிடுகிறது. இந்தக் காட்சியை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். உண்மையில் அக்கருவி பழுதுபட்டதன்று. அதன் ஆடிகள் பயணத்தில் சிறிது அசைந்திருக்கின்றன, அவ்வளவே. ஆடித் தொலைநோக்கி எங்கே சென்றாலும், சென்ற இடத்தில் ஒருவர் கைவைத்து அதனைச் சீர்செய்தாக வேண்டும். இது குறையன்று, அதன் பிறவி இயல்பு. அதன் வரலாறே இதற்குச் சான்று.

தொலைநோக்கிகள் முதலில் வில்லைகளைக் கொண்டே அமைக்கப்பட்டன. வில்லை ஒளியை வளைக்கும்போது நிறங்களையும் பிரித்துவிடுவதால், விண்மீனைச் சுற்றி நீலமும் சிவப்பும் படர்ந்து தோன்றின. இக்குறைக்குத் தீர்வே இல்லை என்று எண்ணிய ஐசக் நியூட்டன், 1668-ஆம் ஆண்டில் வில்லைக்குப் பதிலாகக் குழியாடி ஒன்றை அமைத்தார். ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த அகலமே உடைய அந்த ஆடி, ஒளியைத் திருப்பி அனுப்பியது. குழலின் மேற்பகுதியில் 45 பாகை சாய்த்து வைத்த சிறிய சமதள ஆடி அவ்வொளியைப் பக்கவாட்டில் செலுத்தியது. இன்று கடையில் விற்கும் எளிய தொலைநோக்கியும் இதே அமைப்புடையதுதான். வில்லையின் நிறக்குறையைத் தீர்க்கும் வழி 18-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்ட பின்னரும், ஆடி தன் இடத்தை இழக்கவில்லை. பெரிய வில்லை செய்வதைவிடப் பெரிய ஆடி செய்வது எளிதாயிருந்ததே காரணம்.

அக்காலத்து ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. காற்றுப்பட்டால் அவை மங்கும். மங்கினால் மீண்டும் தேய்த்து மெருகிட வேண்டும். மெருகிடும்போது வளைவு பிழையாகிவிடலாம். ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்குக் குடியேறிய இசைவாணர் வில்லியம் ஹெர்ஷல், தம் ஆடிகளைத் தாமே தேய்த்தவர். அவ்வாறு செய்த ஆடியைக் கொண்டுதான் 1781-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் யுரேனஸ் கோளைக் கண்டார். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்ணாடியின்மேல் வெள்ளி பூசும் முறை வந்தது. 1930-களில் வெள்ளிக்குப் பதிலாக அலுமினியப் பூச்சு இடம்பெற்றது. நம் வீட்டுத் தொலைநோக்கியின் ஆடியும் அலுமினியம் பூசிய கண்ணாடியே.

நம் நாட்டுக்கு வருவோம். புனே நகரத்து அறிவியல் கல்லூரியில், பவநகர் மன்னர் தக்தசிங்ஜி அளித்த பொருளுதவியால் 1880-களில் ஒரு வானாய்வு நிலையம் உருவாயிற்று. காவஸ்ஜி தாதாபாய் நாயகம்வாலா என்னும் பேராசிரியர் அதனை நடத்தினார். அங்கிருந்த 20 அங்குல ஆடித் தொலைநோக்கி, அந்நாளில் இந்தியாவிலேயே பெரியது. அவர் 1912-இல் ஓய்வுபெற்றதும் நிலையம் மூடப்பட்டது. தொலைநோக்கி கோடைக்கானலுக்கு அனுப்பப்பட்டது. கோடைக்கானல் நிலையமோ சூரிய ஆய்வுக்கென்றே நிறுவப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் மழைக்கும் தொடர்புண்டா என ஆராய வேண்டும் என்ற எண்ணமே அதன் தோற்றத்துக்கு ஒரு காரணம். அங்கு வந்து சேர்ந்த புனேத் தொலைநோக்கி 1951-ஆம் ஆண்டில்தான் நிறுவப்பெற்றது. நாட்டின் மிகப்பெரிய தொலைநோக்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது என்றால், நம் வீட்டுப் பரணில் ஒன்று கிடப்பதில் வியப்பென்ன?

கிடந்ததை எழுப்பி நிறுத்த ஒரு மனிதர் வேண்டும். அத்தகையோருள் ஒருவர் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். அவர் தந்தை அந்நகரத்து நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்தார். 1960-இல் கோடைக்கானல் நிலையத்தின் தலைமைப் பொறுப்பேற்ற பாப்பு, விண்மீன் ஆய்வுக்குத் தக்க இடம் தேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968-இல் முதலில் நிறுவப்பட்டது 38 சென்டிமீட்டர் ஆடித் தொலைநோக்கி ஒன்றே. அதுவும் நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. 1972-இல் 102 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளமைக்குச் சான்று தந்த கருவிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் 2.34 மீட்டர் ஆடி ஒன்று பெங்களூரில் தேய்த்து மெருகிடப்பட்டது. அது நிறைவேறுவதைக் காணாமலே 1982-இல் பாப்பு மறைந்தார். அத்தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் பெயரால் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. இத்துணைப் பெரிய கருவிக்கும் ஆடியை அச்சில் நிறுத்தும் வேலை உண்டு. பூச்சு மங்கினால் மறுபூச்சும் உண்டு. ஆகவே சிறு கருவியை வைத்திருப்போர் அவ்வேலைக்கு அஞ்சவேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் காலிமேஷன் எனப்படும் அவ்வேலையை நாம் 'ஆடி ஒழுங்கு' எனலாம். பகல் வெளிச்சத்தில், சூரியனிருக்கும் திசைக்குப் புறம்பாக, குழலைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு தொடங்குக. கிடைமட்டமாக வைப்பதற்குக் காரணமுண்டு: கையிலிருக்கும் திருப்புளி நழுவினாலும் கீழே உள்ள முதன்மை ஆடிமேல் விழாது. கண்வில்லையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடுவே சிறு துளையிட்ட மூடி ஒன்றைப் பொருத்துக. துளை மிகச் சரியாக மையத்தில் இருத்தல் வேண்டும்.

துளை வழியே நோக்கினால் முதலில் தெரிவது சாய்ந்த துணையாடி. அது பார்வைக் குழாயின் நடுவில் வட்டமாகத் தெரியவேண்டும். அடுத்து, துணையாடியின் பின்புறத்துள்ள மூன்று சிறு திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அதனுள் முதன்மை ஆடி முழுவதும், அதனைப் பிடித்திருக்கும் கவ்விகள் யாவும், ஒருங்கே தெரியுமாறு செய்க. மூன்றாவதாக, குழலின் அடிப்புறத்துத் திருகுகளைத் திருப்பி, முதன்மை ஆடியின் நடுவிலுள்ள புள்ளியும் நம் துளையின் பிம்பமும் ஒன்றுசேருமாறு நிறுத்துக. துணையாடியின் நிழல் மட்டும் சிறிது ஒதுங்கித் தோன்றலாம். குட்டையான குழல்களில் அது இயல்பே. முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும். பத்தாம் முறை ஐந்து நிமிடம் போதும்.

இறுதித் தேர்வு இரவில். கருவியை அரைமணி நேரம் வெளியே வைத்து, ஆடி காற்றின் குளிர்ச்சியை அடையவிட வேண்டும். பின் ஒளிமிக்க விண்மீன் ஒன்றைப் பார்வையின் நடுவில் நிறுத்திக் குவியத்தைச் சற்றே விலக்கினால், ஒன்றனுள் ஒன்றாக வளையங்கள் தோன்றும். அவை ஒரே மையத்தில் அமைந்திருந்தால் ஒழுங்கு நிறைவு. ஒரு பக்கம் ஒதுங்கினால் அடித்திருகில் இன்னும் சிறிது வேலையுண்டு. வட மாநிலங்களில் வாழ்வோர்க்கு இங்கே ஒரு நன்மை உண்டு. துருவ விண்மீன் சூரியநெல்லியில் ஏறத்தாழ 10 பாகை உயரத்தில் மலைகளுக்குள் தாழ்ந்து நிற்கும். டில்லியிலோ 28 பாகைக்கு மேல் நிற்கும். இடம் பெயராத விண்மீனாதலால் இத்தேர்வுக்கு அதுவே மிகப் பொருத்தம். விண்மீன்களைப் பின்தொடரும் சாய்அச்சுத் தாங்கி உடையோர், ஊர் மாறும்போது அச்சின் சாய்வையும் மாற்றவேண்டும்: சென்னைக்கு 13 பாகை, மும்பைக்கு 19, கொல்கத்தாவுக்கு இருபத்திரண்டரை.

இனித் துணைக்கருவிகள். கடைக்காரர் ஐபீஸ் என்று சொல்லும் கண்வில்லையே முதன்மையானது. ஆடியின் குவியத் தூரத்தைக் கண்வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 114 மில்லிமீட்டர் அகலமும் 900 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட கருவியில் 25 மில்லிமீட்டர்க் கண்வில்லை 36 மடங்கு காட்டும். 10 மில்லிமீட்டர் 90 மடங்கு காட்டும். முன்னதில் முழு நிலவும் அடங்கும். பின்னதில் சனியின் வளையமும் வியாழனின் பட்டைகளும் தெரியும். தொடங்குவோர்க்கு இவ்விரண்டு போதும். உருப்பெருக்கத்தை இருமடங்காக்கும் பார்லோ வில்லையைப் பின்னர் வாங்கலாம். ஆடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப்போல் இருமடங்குக்கு மேல் பெருக்குவதால் பயனில்லை. எனவே 'ஐந்நூறு மடங்கு' என்று பெட்டிமேல் அச்சிட்டிருப்பதை நம்பற்க. குழல் குட்டையாயிருக்க, குவியத் தூரம் மட்டும் நீளமாகச் சொல்லப்படும் மலிவான சில கருவிகளில் பார்வைக் குழாய்க்குள் ஒரு வில்லை மறைந்திருக்கும். அவற்றை ஒழுங்குபடுத்துவது கடினம்.

மிகுதிப் பணம் இருப்பின், வடிகட்டிகளுக்கு முன் செஷயர் எனப்படும் ஒழுங்குக் குழாயை வாங்குக. துளையிட்ட மூடி செய்யும் வேலையையே அது செம்மையாகச் செய்யும். லேசர் கருவி விரைவானதே. ஆனால் அதுவே கோணலாயிருந்தால் நம்மையும் கோணலாக்கிவிடும். அசையாத தாங்கியும், திசை காட்டும் தேடுகுழலும் இன்றியமையாதவை. ஓர் எச்சரிக்கை: கண்வில்லையில் திருகிப் பொருத்தும் சூரிய வடிகட்டி எதையும் பயன்படுத்தற்க. ஆடி திரட்டிய வெப்பத்தால் அது வெடிக்கக்கூடும். கண் நொடியில் பாழாகும். பிள்ளைகள் உள்ள வீட்டில் பகலில் குழலின் வாய் மூடியே இருக்கட்டும்.

ஊர் மாறினால் வானமும் சிறிது மாறுகிறது. சூரியநெல்லியில் 27 பாகை வரை உயரும் அகத்திய விண்மீன், டில்லியில் 9 பாகையைத் தாண்டுவதில்லை. தென்சிலுவை அங்கே அடிவானத்தோடு அமிழ்ந்துவிடும். ஆனால் வடக்கே உயர்ந்து நிற்கும் ஏழு முனிவர் கூட்டம் நமக்கு நன்கு தெரிந்ததே. திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டும் வசிஷ்டரும் அருந்ததியும் அதில்தான் உள்ளனர். ஆடி ஒழுங்கு முடிந்த முதல் இரவில் தொலைநோக்கியை அவர்கள்பால் திருப்புக. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த வசிஷ்டர், கருவியில் அருகருகே நிற்கும் இரண்டு விண்மீன்களாகத் தெளிவாகப் பிரிந்து தெரிவார். அவ்வாறு பிரிந்து தெரிந்தால், நம் கைவேலை சரியாக முடிந்தது என்று அறிந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.