மஞ்சள் மாத்திரை: 'இயற்கைதானே' என்று தினமும் விழுங்கலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

உங்கள் ஆபீஸ் டெஸ்க்கிலும் அந்தப் பாட்டில் இருக்கலாம். '95% குர்குமின், மிளகுச் சாறு சேர்க்கப்பட்டது' என்று லேபிளில் போட்டிருக்கும். முட்டி வலிக்கு ஜிம் நண்பர் சொல்லியிருப்பார், இல்லை இன்ஸ்டா ரீல்ஸ் சொல்லியிருக்கும். ஆர்டர் போடும்போது பெரிதாக யோசித்திருக்க மாட்டீர்கள். மஞ்சள்தானே, என்ன ஆகிடப் போகுது?

அம்மா சாம்பாரில் போடும் மஞ்சளும் இந்த மாத்திரையும் ஒன்றல்ல. விஷயமே அங்கேதான் தொடங்குகிறது.

மஞ்சள் தூளில் குர்குமின் என்ற வேதிப்பொருள் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 100 மில்லிகிராமுக்கும் குறைவு. அதுவும் வீட்டில் நாலு பேருக்குப் பிரியும். மாத்திரையிலோ ஒரே வாயில் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது, சிலர் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று போடுகிறார்கள். நம் பாட்டி, பூட்டி யாரும் இந்த அளவில் மஞ்சளைச் சாப்பிட்டதே இல்லை. அதனால் 'ஆயிரக்கணக்கான வருஷமா சாப்பிடுறோமே' என்ற வாதம் சமையலுக்குப் பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்தாது.

காப்புரிமைச் சண்டை

மஞ்சள் மீதான நம் பெருமைக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 1995 மார்ச்சில், காயங்களை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. காலில் அடிபட்டால் மஞ்சள் வைப்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. மாஷேல்கர் தலைமையில் இருந்த சிஎஸ்ஐஆர் எதிர்த்துப் போராடியது. பழைய நூல்கள், 1953-ல் இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரை என ஆதாரங்களை அடுக்கியது. 1997-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, மக்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயம் என்றுதான் அங்கே நிரூபணமானது. மஞ்சள் எந்த நோயைக் குணமாக்கும் என்று அந்த வழக்கு முடிவு செய்யவில்லை.

ஆய்வகத்தில் ஹீரோ, உடம்புக்குள்?

'குர்குமின் புற்றுநோய் செல்களை அழித்தது' என்ற தலைப்பை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்த சோதனைகள். நம் உடம்பு கண்ணாடித் தட்டு இல்லை.

குர்குமினுக்கு இரண்டு பெரிய பிரச்சனைகள். முதலாவது, அது குடலில் இருந்து ரத்தத்துக்குள் சரியாகப் போவதில்லை. போகும் கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. ரத்தம் இருக்கும் கார அமிலச் சமநிலையில் அது சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும்.

இரண்டாவது பிரச்சனைதான் சுவாரஸ்யம். குர்குமின் தானாகவே ஒளிரும், கண்ட புரதங்களோடும் ஒட்டிக்கொள்ளும். அதனால் 'இந்த மருந்து வேலை செய்கிறதா?' என்று கேட்கும் பல ஆய்வகச் சோதனைகளில், வேலை செய்யாவிட்டாலும் 'ஆமாம்' என்று பதில் வந்துவிடும். மருந்து வேதியியலாளர்கள் இப்படி ஏமாற்றும் பொருட்களுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் நெல்சன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு இதைத்தான் சொன்னது. 120-க்கும் அதிகமான மருத்துவப் பரிசோதனைகள் நடந்தும், கறாரான முறையில் நடத்தப்பட்ட ஒன்றில்கூட குர்குமின் தெளிவாக வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் முடிவு.

அப்போ மஞ்சளில் ஒண்ணுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2020-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் முட்டித் தேய்மானம் உள்ள 70 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட வலி குறைந்தது. ஆனால் ஸ்கேனில் முட்டியின் வீக்கமும் நீர்க்கோப்பும் மாறவில்லை. 2023-ல் தாய்லாந்தில் அஜீரணக் கோளாறு உள்ள 206 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 2 கிராம் குர்குமின், நாம் அடிக்கடி போடும் ஓமெப்ரசோல் மாத்திரைக்கு ஏறக்குறைய சமமாக நிவாரணம் தந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. சும்மா இருந்திருந்தாலே எத்தனை பேருக்குச் சரியாகியிருக்கும் என்று தெரியாது. என்னைக் கேட்டால், இவை மேற்கொண்டு பெரிய ஆய்வு நடத்தப் போதுமான காரணங்கள். பாட்டில் வாங்கப் போதுமான காரணங்கள் இல்லை.

மிளகு சேர்த்தால் என்ன ஆகும்?

1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துப் பார்த்தார்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள்தான் பைப்பரின். ரத்தத்தில் சேரும் குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. இன்று எல்லா லேபிளிலும் மிளகு இருப்பதற்கு இந்த ஒரு எண்தான் காரணம்.

பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது? வெளிப்பொருட்களை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் வேலையைத் தடுக்கிறது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை டீ குடிக்க அனுப்பிவிடுவது மாதிரி. அந்த நேரத்தில் குர்குமின் மட்டும்தான் உள்ளே வரும் என்று யார் சொன்னது? வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் போன்ற மருந்துகளின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கல்லீரல் கணக்கு

மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரங்களை 2022-ல் வெளியிட்டது. பத்துமே 2011-க்குப் பின் வந்தவை. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். பரிசோதிக்கப்பட்ட 7 மாத்திரைகளிலும் மஞ்சள் இருந்தது, மூன்றில் பைப்பரினும் இருந்தது. பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்பதும் முன்கூட்டியே தெரியாது, நீங்களும் நானும் அந்த மரபணுவை டெஸ்ட் பண்ணிப் பார்த்ததில்லை.

ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-ல் எச்சரிக்கை விடுத்தது. அதற்குள் அங்கே கல்லீரல் பாதிப்பு குறித்து 18 புகார்கள் வந்திருந்தன. சமையலில் வழக்கமாகச் சேர்க்கும் அளவுக்கு இந்த அபாயம் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் அந்த அமைப்பே சொன்னது. ஆகவே ரசத்தைக் கீழே கொட்ட வேண்டாம்.

இந்தியாவில் இத்தகைய மாத்திரைகள் பெரும்பாலும் உணவுச் சத்துப் பொருட்களாகவே விற்கப்படுகின்றன. மருந்து போல, வேலை செய்கிறது என்று நிரூபித்த பிறகுதான் கடைக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லேபிளின் ஏதோ ஒரு மூலையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் பாருங்கள்.

யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முதலில். நியூசிலாந்தில் வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் மாத்திரையும் தொடங்க, ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 10-ஐத் தாண்டிய சம்பவம் 2018-ல் பதிவானது. வழக்கமாக 2 முதல் 3-க்குள் வைத்திருக்க வேண்டிய அளவு அது. பித்தப்பைக் கல், கல்லீரல் நோய் உள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

ஏற்கனவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? சிறுநீர் அடர் நிறமாவது, கண் மஞ்சளாவது, காரணமில்லாத களைப்பு, தோல் அரிப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 'வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?' என்று அவர் கேட்கும்போது நம்மில் பலர் 'இல்லை' என்றே சொல்கிறோம், மஞ்சள் மாத்திரை மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய் மேஜைமேல் வைத்துவிடுங்கள்.