பாய்ச்சற் பயிற்சியும் காலின் வலுவும்

பண்டைக் கிரேக்கர் தம் ஒலிம்பிய விழாக்களிலே நீளம் பாய்தலை ஐந்து போட்டிகள் கொண்ட தொகுதியின் ஓர் உறுப்பாக வைத்திருந்தனர். பாய்வோர் கல்லாலோ உலோகத்தாலோ செய்யப்பட்ட கட்டிகளை இரு கைகளிலும் ஏந்தி, அவற்றை முன்னே வீசி, அவ்வீச்சினைப் பாய்ச்சலுக்குத் துணையாக்கினர். குரோட்டன் நகரத்துப் பைலஸ் என்பான் 55 அடி பாய்ந்தான் எனவும், பதப்படுத்திய குழியையுங் கடந்து வன்னிலத்தில் வீழ்ந்தான் எனவும் பழைய குறிப்புக்கள் கூறும். கி. மு. 480 இல் நிகழ்ந்த சலாமிஸ் கடற்போரிலே தன் கப்பலுடன் நின்றவன் இவன். ஆதலின் வெறுங் கற்பனை மாந்தன் அல்லன். ஆயினும் ஒரே பாய்ச்சலில் அத்துணைத் தூரஞ் சேறல் மனிதர்க்கு இயலாது. பல பாய்ச்சல்களைக் கூட்டிய தொகை அது என்பர் சிலர். புகழ்வோர் மிகைப்படுத்தினர் என்பர் வேறு சிலர். எங்ஙனமாயினும், பாய்வோனுடைய கைக்குத் துணை தேடிய அக்காலத்தார் காலினுள்ளே வலு பிறக்குமாற்றை ஆராய்ந்தாரல்லர்.

ஈண்டுப் பலம், வலு என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்திக் கொள்ளல் வேண்டும். நூறு கிலோகிராம் பாரத்தை இருவர் ஒரே உயரத்துக்கு உயர்த்துவாராயின் அவர்தம் வேலை ஒன்றே. ஒருவர் அதனை மூன்று செக்கனிலும் மற்றவர் ஒரு செக்கனிலும் செய்வாராயின், பின்னவரின் வலு மும்மடங்காகும். பாய்வோனுக்கோ ஒரு செக்கன் என்பதும் பெருஞ் செல்வமே. முப்பாய்ச்சலில் ஒவ்வொரு முறையும் பாதம் நிலத்தில் நிற்பது ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கினுங் குறைந்த காலமேயாம். அதற்குள் உடல்நிறையின் பன்மடங்கு விசையைத் தாங்கி, மீண்டும் எழுதல் வேண்டும். மெல்ல வெளிப்படும் பெரும்பலம் ஆங்கு அதிகம் உதவாது.

இவ்வுண்மையின் முதற் கீற்று பாரிஸ் நகரிலே தோன்றியது. விலங்குகளும் மனிதரும் அசையும் முறையைத் தொடர் நிழற்படங்களாற் பதிவுசெய்த எத்தியேன் மாரே என்பாரும் அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் டெமெனியும் 1885 இல் பாய்தலை ஆராய்ந்தனர். ஒரு பாய்ச்சலை முடித்து நிலத்தைத் தொட்டவுடன் மீண்டும் பாய்வானாயின் இரண்டாவது பாய்ச்சல் முதலாவதினும் உயர்ந்திருக்கும் என அவர்கள் கண்டனர். களைத்திருக்க வேண்டிய கால் எவ்வாறு மேலும் உயர எழுப்பும் என்ற வினா அன்றே பயிற்றுநரைத் தூண்டியிருத்தல் வேண்டும். தூண்டவில்லை. ஆய்வுகூடத்துக்கும் ஆடுகளத்துக்கும் இடையே எழுபது ஆண்டு இடைவெளி கிடந்தது. 1921 இல் அமெரிக்கரான டட்லி சார்ஜன்ற் நின்றபடியே மேலே பாயும் உயரத்தைக் கொண்டு ஒருவனுடைய ஆற்றலை மதிப்பிடலாம் என எழுதினார். சுவரிலே சுண்ணக்கட்டியாற் குறியிட்டுப் பாயும் சோதனை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அளவுகோல் கிடைத்தது, பயிற்சிமுறை கிடைத்ததில்லை.

அதனைத் தந்தவர் சோவியத் நாட்டு யூரி வெர்க்கோஷான்ஸ்கி. 1950 களிலே மொஸ்கோவில் பாய்வோருக்குப் பயிற்சியளித்த இவர், பாரந்தூக்கலையே முதலிற் கைக்கொண்டார். தோளிற் சுமந்த பாரம் காலுக்கு முன்னரே முதுகை வருத்தியது. அவ்வேளையில் முப்பாய்ச்சலையே அவர் கூர்ந்து நோக்கினார். முதற் பாய்ச்சலின் பின்னர் வீரன் மேலிருந்து வீழ்கின்றான். அவ்வீழ்ச்சியைத் தடுத்து உடனே எழுகின்றான். நிலத்தில் குறைந்த நேரம் நின்றவனே மேம்படுகின்றான். அங்ஙனமாயின் பாரத்தைத் தோளில் ஏற்றுவானேன்? உடலின் வீழ்ச்சியையே பாரமாக்கினால் என்ன? இவ்வாறு பிறந்ததே ஆழப்பாய்ச்சல். வீரன் ஒரு பெட்டியின் மேல் நின்று கீழே இறங்கி, பாதம் பட்ட கணத்திலேயே மேலே பாய்தல் வேண்டும். அவர் கூறிய உயரங்கள் 0.75 மீற்றரும் 1.10 மீற்றருமாம். முன்னதிலிருந்து வீழ்பவன் செக்கனுக்கு ஏறத்தாழ 3.8 மீற்றர் வேகத்துடனும், பின்னதிலிருந்து வீழ்பவன் 4.6 மீற்றர் வேகத்துடனும் நிலத்தை அடைவான் என்பதை மாணவர் தாமே கணித்தறியலாம். இதனை அவர் அதிர்ச்சிமுறை என்றார். நன்கு பயின்றவர்க்கும் ஒருநாட் பயிற்சியில் நாற்பது பாய்ச்சலே எல்லை என வரையறுத்தார். பெயரை நினைவில் வைத்தவர் பலர்; எல்லையை நினைவில் வைத்தவர் சிலரே.

அதே காலத்தில் இத்தாலியரான கவாஞா, நீட்டப்பட்ட தசை உடனே சுருங்குமாயின் கூடுதலான வேலை செய்யும் என்பதை 1960 களின் ஆய்வுகளாற் காட்டினார். தசைநாண் முதலியவற்றிற் சேர்ந்த மீள்தன்மைச் சக்தி திரும்பக் கிடைப்பது இதற்கு ஒரு காரணம். தசை முன்கூட்டியே விறைப்படைந்து நிற்றலும், நீட்சியால் எழும் நரம்பு மறிவினையும் ஏனைய காரணங்களாகக் கூறப்படும். இவற்றுள் எது எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

மேனாடுகளின் கவனத்தை இம்முறை ஈர்த்தது 1972 இலாகும். மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100 மீற்றரை 10.14 செக்கனிலும் 200 மீற்றரை 20.00 செக்கனிலும் ஓடி வென்றார். அவ்வெற்றியின் மறைபொருள் ஆழப்பாய்ச்சலே என்று பலர் எழுதினர். ஆனால் அமெரிக்காவின் சிறந்த ஓட்டக்காரர் இருவர் நேர அட்டவணையைத் தவறாக அறிந்தமையால் 100 மீற்றர்க் காலிறுதி ஓட்டத்துக்கு வரவேயில்லை என்பதை அவ்வெழுத்தாளர் எளிதில் மறந்தனர். ஒரு வெற்றிக்கு ஒரே காரணங் கூறும் வழக்கம் வரலாற்றாசிரியர்க்கு ஆகாதது. பயிற்றுநர்க்கு அது இன்னும் ஆகாதது. 1975 இல், முன்னர் ஒலிம்பிக்கில் நெடுந்தூரம் ஓடியவராகிய பிரெட் வில்ற் என்னும் அமெரிக்கர் இவ்வகைப் பயிற்சிக்குப் பிளையோமெற்றிக்ஸ் என்று பெயரிட்டார். பெயர் பரவவே, கயிறு துள்ளல் முதல் மேசையிலிருந்து குதித்தல் வரை யாவும் அப்பெயருள் அடங்கின. தாம் கூறிய அதிர்ச்சிமுறை வேறு, எல்லாத் துள்ளலையும் ஒன்றாய் அடக்கும் வழக்கு வேறு என வெர்க்கோஷான்ஸ்கி பிற்காலத்தில் வற்புறுத்த நேர்ந்தது.

பெட்டியின் உயரத்தை யாரும் அளக்கலாம். பாதம் நிலத்தில் நின்ற நேரத்தை அளத்தற்குக் கருவி வேண்டும். அதனாற்போலும் பயிற்றுநர் உயரத்தைக் கூட்டுவதிலேயே முனைந்தனர். எலும்பு வளர்ந்து முடியாத சிறுவரையும் உயரமான தட்டுக்களிலிருந்து குதிப்பித்தவர் உளர். முழங்கால் நோவுடன் விளையாட்டைக் கைவிட்ட இளைஞரை நாம் கண்டிருக்கின்றோம். அவ்வுயரம் வேண்டியதும் அன்று. 1974 இல் கொப்பன்ஹேகனில் அஸ்முசனும் பொண்டே பீற்றர்சனும் இதனை அளந்தனர். நின்ற நிலையிலேயே சற்றுக் குனிந்து பாய்ந்தபோது, உட்கொண்ட சக்தியில் நூற்றுக்கு 22.9 பங்கு திரும்பக் கிடைத்தது. 23 சதமமீற்றர் உயரத்திலிருந்து இறங்கிப் பாய்ந்தபோது 13.2 பங்கும், 40 சதமமீற்றரிலிருந்து 10.5 பங்கும், 69 சதமமீற்றரிலிருந்து 3.3 பங்குமே கிடைத்தன. உயரம் ஏற ஏற முழங்கால் ஆழ மடங்குகின்றது. தரையில் நிற்கும் நேரம் நீள்கின்றது. சேர்த்த சக்தி வெப்பமாய்க் கழிகின்றது.

இப்பயிற்சி பயனற்றது என்பது இதன் கருத்தன்று. 2007 இல் மார்க்கோவிச் என்னும் ஆய்வாளர் 26 ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கினார். குனிந்தெழுந்து பாயும் பாய்ச்சல் சராசரியாக நூற்றுக்கு 8.7 உயர்ந்திருந்தது, அசையாது மடங்கி நின்று பாய்வது 4.7 உயர்ந்தது. பெட்டியிலிருந்து இறங்கிப் பாயும் பாய்ச்சல் உயர்ந்ததும் அதே 4.7 தான்.