உரமாகும் பிளாஸ்டிக் பிறந்த கதை

மார்வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையில் இருப்பது ஐசோசார்பைடு டைநைட்ரேட். அந்த ஐசோசார்பைடின் பூர்வீகம் சர்க்கரை. குளுக்கோஸை சார்பிட்டாலாக மாற்றி, அதிலிருந்து நீரை வெளியேற்றினால் ஐசோசார்பைடு கிடைத்துவிடும். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் டைசுகே ஆவோகி, ஹிடெயுகி ஓட்சுகா குழுவினர் உரமாகும் பிளாஸ்டிக்குக்கு இதையே எடுத்துக்கொண்டார்கள்.

அது பாலிகார்பனேட் வகை பிளாஸ்டிக். இந்த வகை 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் தனித்தனியே பிறந்தது. சிடி தட்டு செய்ததெல்லாம் அதில்தான். ஆனால் அதன் மூலப்பொருள் பிஸ்பினால் ஏ. பிளாஸ்டிக்கை உடைத்தால் அதுவே திரும்பி வரும். ஹார்மோன்களைக் குலைக்கும் அந்தப் பொருளை எந்த வயலில் கொட்ட முடியும்?

பிஸ்பினால் ஏ-யின் இடத்தில் ஐசோசார்பைடை வைத்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். பாலிகார்பனேட் சங்கிலியின் கண்ணிகளை இணைப்பவை கார்பனேட் பிணைப்புகள். அம்மோனியா கரைந்த நீர் பட்டால் அவை அறுகின்றன. அறுந்த இடத்திலிருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் அம்மோனியாவின் நைட்ரஜனோடு சேர்ந்தால் யூரியா. நம் விவசாயிகள் மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் இடும் அதே யூரியா! மிச்சமாக நிற்பது சர்க்கரை வழி வந்த ஐசோசார்பைடு. பிளாஸ்டிக்கைக் கட்டியிருந்த பிணைப்பே பயிருக்கு உணவாகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

90 டிகிரி செல்சியஸில், வினையூக்கி ஏதுமின்றி, 6 மணி நேரத்தில் பிளாஸ்டிக் முழுவதும் சிதைந்தது. கிடைத்த கலவையை அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்துச் சிறு செடிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யூரியா மட்டும் பெற்ற செடிகளைவிட அவை நன்றாக வளர்ந்தன. முடிவுகள் 2021-இல் ‘கிரீன் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியாயின.

இதை வயலில் வீசினால் தானே உரமாகிவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பயன்படுத்தியதைச் சேகரித்து, அம்மோனியா நீரில் சூடாக்கியாக வேண்டும். அந்த அம்மோனியாவோ இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. அதைத் தூய மின்சாரத்தால் தயாரிக்கும் வழி பரவினால்தான் இந்தப் பிளாஸ்டிக் மண்ணுக்கும் காற்றுக்கும் ஒருசேர நல்லதாகும்.