போனவரும் வந்தவரும்

ஆங்கிலத்தில் 'எமிக்ரண்ட்', 'இம்மிக்ரண்ட்' என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒலியில் மிக நெருங்கியவை. கற்றவர்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுவதுண்டு. இரண்டுக்கும் வேர், இடம் மாறுதல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வினைச்சொல்லே. முன்னதில் 'வெளியே' என்னும் பொருள் தரும் முன்னொட்டும், பின்னதில் 'உள்ளே' என்னும் பொருள் தரும் முன்னொட்டும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே, ஒரு நாட்டை விட்டுப் போனவர் எமிக்ரண்ட். ஒரு நாட்டுக்குள் வந்தவர் இம்மிக்ரண்ட். ஆளும் ஒருவரே, பயணமும் ஒன்றே. சொல்பவர் எந்தக் கரையில் நின்று சொல்கின்றார் என்பது மட்டுமே வேற்றுமை.

தமிழிலும் இந்த வேற்றுமை உண்டு. குடிபெயர்தல் என்றால் விட்டுச் சென்ற இடத்திலிருந்து பார்க்கின்றோம். குடியேறுதல் என்றால் வந்து சேர்ந்த இடத்திலிருந்து பார்க்கின்றோம். காவிரிப்பூம்பட்டினத்தில் பல நாட்டு மக்கள் கலந்து வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் கூறுகின்றன. அம்மக்களை அந்நூல்கள் 'புலம்பெயர்' மக்கள் என்றே குறிக்கின்றன. 'எம் ஊருக்குள் வந்தவர்' என்று சொல்லாமல், 'தம் நிலத்தை விட்டு வந்தவர்' என்று, வந்தவரின் நோக்கில் நின்று சொல்லும் சொல் அது. வரவேற்ற நகரம் அவ்வாறு வழங்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எந்தச் சொல்லால் ஒருவர் அழைக்கப்பட்டார் என்பது, அவருக்கு எந்த உரிமை கிடைத்தது என்பதைப் பலமுறை தீர்மானித்திருக்கின்றது. மேற்கு மலைத்தொடரை ஒட்டிய தமிழர் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்பாண்டிச் சீமையிலிருந்து வேலை தேடிப் புறப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குப் பல வழிகள் திறந்திருந்தன. ஒரு வழி, மண்டபம் முகாமைக் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றது. மற்றொரு வழி, போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிக் கண்ணன் தேவன் மலைகளுக்குச் சென்றது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாகப் பீருமேட்டுக்குச் சென்றது இன்னொன்று. மூன்று வழிகளிலும் நடந்தவர்கள் ஒரே வகை மக்கள். அழைத்துச் சென்றவர்களும் கங்காணிகளே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் ஒரே வகையினர் அல்லர்.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், எமிக்ரேஷன் என்னும் சொல்லுக்கு, பிரிட்டிஷ் இந்தியாவை விட்டுக் கடல் வழியாகப் புறப்படுதல் என்று வரையறை கூறிற்று. ஆகவே இலங்கைக்குக் கப்பலேறிய தொழிலாளி எமிக்ரண்ட் ஆனார். அவரைக் காப்பதற்கென்றே இந்தியக் கரையில் ஓர் அதிகாரி இருந்தார். அவர் பதவியின் பெயரிலேயே எமிக்ரண்ட் என்னும் சொல் உண்டு. அத்தொழிலாளி அக்கரையில் இறங்கியதும் வேறோர் அதிகாரியின் பொறுப்புக்குள் சென்றார். 1923ஆம் ஆண்டு இலங்கைச் சட்டத்தின்படி அமைந்த அப்பதவியின் பெயரில் இருந்த சொல் இம்மிக்ரண்ட். சில மணி நேரக் கடற்பயணத்தில் ஒரே மனிதரின் பெயர் மாறிவிட்டது.

மூணாற்றுக்கு நடந்து சென்றவரோ இரண்டு பெயருக்கும் உரியவர் ஆகவில்லை. திருவிதாங்கூர் தனிச் சமஸ்தானம். அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் எல்லையைக் கடந்தது உண்மை. ஆனால் அவர் கடந்தது மலையை, கடலை அன்று. எனவே அந்தச் சட்டம் அவரை நோக்கவில்லை.

இலங்கைக்குச் சென்றவர்களின் பேரர்கள், இம்மிக்ரண்ட் என்னும் சொல்லின் சுமையை 1948இல் உணர்ந்தார்கள். அவ்வாண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால், அந்த மண்ணிலேயே பிறந்த மலையகத் தமிழர்களுள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964இல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் ஏற்பட்டது. பிறந்த ஊரில் வாழ்ந்தவரைத் தாத்தாவின் பயணத்தால் அளந்ததன் பயன் அது.

திருவிதாங்கூர் மலைகளில் நிகழ்ந்தது வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காடு தோட்டமாயிற்று, தேயிலை பெருகிற்று. தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். 1951இல் தேவிகுளம் தாலுகாவில் தமிழ் பேசுவோரே மிகுதி. மொழிவழி மாநிலங்கள் அமையும் காலம் வந்தபோது, 'இம்மக்கள் யார்?' என்னும் வினா எழுந்தது.

பசல் அலி, குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட மாநிலச் சீரமைப்புக் கமிஷனின் முன் இரு தரப்பு வாதங்கள் வைக்கப்பட்டன. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் உள்ள தமிழர்கள் நிலையாக வாழ்பவர்கள், ஆகவே அவை சென்னை மாநிலத்துடன் சேரவேண்டும் என்று நேசமணியைத் தலைவராகக் கொண்ட திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கூறிற்று. அவர்களுள் பலர் தோட்ட வேலைக்காக வந்து போகும் மக்கள், அவர்களை எண்ணி எல்லை வகுத்தல் முறையன்று என்று எதிர்த்தரப்பு வாதித்தது. கமிஷன் 1955இல் அளித்த அறிக்கையில், மொழியை மட்டுமன்றிப் பொருளாதாரத்தையும் கருதி, இவ்விரு தாலுகாக்களும் கேரளத்திலேயே இருக்கவேண்டும் என்று முடிவு கூறிற்று. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

எல்லை எங்கே அமைந்திருக்கவேண்டும் என்பது நம் வினா அன்று. அது முடிந்த செய்தி. 'வந்தவர்' என்னும் சொல் அந்த மலையில் யாருக்குப் பொருந்தும் என்பதே வினா. கோட்டயம், மீனச்சில் பக்கங்களிலிருந்து மலையேறிய மலையாள உழவர்களும் வந்தவர்களே. 1950களின் நடுவில் பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சியில் அரசே அவர்களைக் குடியமர்த்திற்று. மலையாளத்தில் அந்த வரலாற்றுக்குப் பெயரும் 'குடியேற்றம்' தான். இரு சாராருக்கும் முன்னரே அங்கு வாழ்ந்த முதுவர்கூட, தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தனர் என்று மரபுவழிக் கதை கூறுகின்றனர்.

வடக்கே பாலக்காட்டை நோக்கினால், சொற்களின் தடுமாற்றம் இன்னும் தெளிவாகும். 1956 வரை பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். கோயமுத்தூரிலிருந்து கணவாய் வழியே அங்குச் சென்று கடை வைத்த ஒருவர், தம் மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்றவர். ஒரு நவம்பர் மாதக் காலையில், தாம் இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகராமலே, அவர் வேறு மாநிலத்தில் வாழும் தமிழர் ஆனார். சித்தூர்ப் பகுதியில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் உழும் தமிழர் உள்ளனர். கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழியினர் உள்ளனர். இவர்களை எமிக்ரண்ட் என்பதா, இம்மிக்ரண்ட் என்பதா? இரண்டும் பொருந்தா.

ஒரே நாட்டுக்குள் இவ்விரு சொற்களுக்கும் இடமில்லை என்பதே நேரான விடை. இந்திய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும் எப்பகுதியிலும் தங்கி வாழவும் குடிமக்களுக்கு உரிமை தந்திருக்கின்றது. ஆகவே முன்னொட்டு இல்லாத 'மைக்ரண்ட்', அதாவது இடம் பெயர்ந்தவர், என்னும் சொல்லே எஞ்சுகின்றது. அதற்கும் அளவு உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இச்சொல்லைப் பிறந்த இடத்தையும், கடைசியாக வாழ்ந்த இடத்தையும் கொண்டே வரையறுக்கின்றது. மொழியைக் கொண்டு அன்று. அயலூரில் வாழ்க்கைப்பட்ட பெண் அக்கணக்கில் இடம் பெயர்ந்தவர். மூணாற்றில் பிறந்து அங்கேயே வளர்ந்த தமிழ்க் குழந்தை இடம் பெயர்ந்ததன்று.

நடைமுறையில் இதை நிறுவுதல் எளிதன்று. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். நாற்பதாண்டு உழைத்தவர் கையிலும் பட்டா இராது. நிலையாக வாழ்ந்ததற்குச் சான்று கேட்கும்போது இந்தக் குறை பெரிதாகின்றது. அட்டவணைச் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் பிறந்தது. அந்நாளுக்குப் பின் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற குடும்பம், சென்ற மாநிலத்தில் அச்சலுகையைக் கோர இயலாது என்பது 1990இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்த நெறி. தேவிகுளம் அட்டவணைச் சாதியினருக்கான தொகுதி. 2021இல் அங்கு நடந்த தேர்தலைப் பற்றிய வழக்கில், வெற்றி பெற்றவரின் முன்னோர் எப்போது வந்து குடியமர்ந்தனர் என்பதும் ஒரு வினாவாயிற்று. அத்தேர்தல் செல்லாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் கூறிற்று. 2025இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றிற்று. தாத்தா மலையேறிய ஆண்டு, பேரனின் உரிமையைத் தீர்க்கும் வினாவாக எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றதைக் காண்கின்றோம்.

இவற்றுக்கு அப்பால் சட்டம் மற்றொரு சொல்லையும் வழங்கியிருக்கின்றது. அது 'மொழிச் சிறுபான்மையினர்' என்பது. மாநிலங்கள் சீரமைந்த 1956ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கின்றது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று இடமளித்தது. இச்சொல், 'எங்கிருந்து வந்தாய், எப்போது வந்தாய்' என்று கேட்பதில்லை. இங்கே வாழ்கின்றாய், உன் மொழி இது என்று மட்டும் ஏற்றுக்கொள்கின்றது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் இந்த வேற்றுமையை நினைவில் கொள்ளுதல் நலம். பம்பாயிலோ தில்லியிலோ பெங்களூரிலோ ஒரு படிவம் நிரப்பும்போது, பிறந்த இடம், நிலையான முகவரி, தாய்மொழி என்னும் மூன்றும் மூன்று வெவ்வேறு வினாக்கள் என்பதை அறிந்து விடையளிக்க வேண்டும். ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்கு எழுதினால், பிறந்த ஊரிலேயே நம் பிள்ளைகள் 'வந்தவர்' ஆகிவிடுவர். அவர்களின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று முதலியவற்றை ஒழுங்காகப் பெற்று வைத்தல் பெற்றோரின் கடமை. தேவிகுளத்து மலைகளில் மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு எளிதில் கிட்டாமற் போனவை அத்தகைய சில தாள்களே.