சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும்: உளவியல் அறிமுக வகுப்பு மாணவரின் வரலாறு

அறிகை முரண்பாடு என்னும் கோட்பாட்டை உளவியல் அறிமுக வகுப்பில் படிக்காதவர் அரிது. அக்கோட்பாட்டுக்குச் சான்றாகப் பாடநூல்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959-இல் வெளியிட்ட பரிசோதனை. ஆனால் பாடநூல்கள் அதன் முடிவைச் சொல்லும் அளவுக்கு, அதற்கு ஆட்பட்டவர்கள் யார் என்பதைச் சொல்வதில்லை. அவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிமுக வகுப்பில் சேர்ந்திருந்த 71 ஆண் மாணவர்கள். குறிப்பிட்ட மணிநேரம் பரிசோதனைகளுக்கு உட்படுவது அவ்வகுப்பில் கட்டாயம். ஆகவே அவர்கள் வந்தார்கள்.

வந்தவர்களுக்குத் தரப்பட்ட வேலை வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைக்கப்பட்டது. நூற்கண்டுக் கட்டைகளை ஒரு தட்டில் அடுக்க வேண்டும், கொட்டிக் கவிழ்த்து மீண்டும் அடுக்க வேண்டும்; இது அரைமணி நேரம். அடுத்த அரைமணி நேரம் 48 மர முளைகளை ஒவ்வொன்றாகக் கால்சுற்றுத் திருப்ப வேண்டும். பின்னர் அவர்களுள் ஒரு பகுதியினரிடம், அடுத்துக் காத்திருக்கும் மாணவியிடம் 'இவ்வேலை மிகச் சுவையானது' என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டனர். அந்தப் பொய்க்குக் கூலியாகச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். 1 டாலர் பெற்றவர்களே வேலையை அதிகம் விரும்பியதாகப் பின்னர் மதிப்பிட்டனர் என்பது அனைவரும் அறிந்த முடிவு. இறுதியில் உண்மை விளக்கப்பட்டது. பணத்தைத் திருப்பித் தரக் கேட்டபோது எல்லாரும் தயங்காமல் தந்துவிட்டார்கள் என்று கட்டுரை பதிவு செய்கிறது. 11 பேரின் விடைகள் பல காரணங்களால் நீக்கப்பட, எஞ்சிய 60 பேர் கோட்பாட்டுக்குச் சான்றாயினர்.

இங்கே வரலாற்று மாணவர் நின்று நோக்க வேண்டிய இடம் வேறு. அம்மாணவர்களின் மதிப்பீடு எவ்வாறு பெறப்பட்டது? பரிசோதனைகளில் கலந்துகொள்வது கட்டாயமாக இருப்பதால், அவற்றை வருங்காலத்தில் செம்மைப்படுத்தும் பொருட்டு மாணவர்களின் அனுபவத்தைத் துறை கேட்டறிய விரும்புகிறது என்று வகுப்பில் முன்கூட்டியே அறிவித்திருந்தனர். சிலரை நேர்காண்போம், ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள் என்றும் வேண்டிக்கொண்டனர். அந்த நேர்காணலே பரிசோதனையின் அளவுகோல். அதாவது, அறிமுக வகுப்பு மாணவரிடம் 'உங்கள் அனுபவம் எப்படி?' என்று கேட்ட கேள்வியே ஏமாற்றின் ஒரு பகுதி. அனுபவத்தைச் சொல்ல அழைக்கப்பட்டவர் சொன்னது அனுபவமாகப் பதியவில்லை. கூட்டல் ஐந்துக்கும் கழித்தல் ஐந்துக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகப் பதிந்தது.

உளவியல் கற்க வந்தவர் உளவியலுக்கு இரையாகும் இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக்கில் நிறுவிய ஆய்வுக்கூடத்தில் கருவியை இயக்குபவரும் கருவியின் முன் அமர்பவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இன்று இயக்கியவர் நாளை அமர்வார். ஜேம்ஸ் மக்கீன் கேட்டெலும் அவருடைய தோழர் குஸ்டாவ் பெர்கரும் ஒருவரையொருவர் மாற்றி மாற்றி அளந்தே எதிர்வினை நேர ஆய்வுகளைச் செய்தனர். பேராசிரியரே அமர்ந்ததும் உண்டு. மனத்தில் நிகழ்வதை உற்றுநோக்கிச் சொல்பவர் அமர்ந்திருப்பவரே ஆகையால், அறிவின் ஊற்று அவர்தாம். கருவியை இயக்குவது துணைவேலை. ஹெர்மன் எபிங்ஹாஸ் இதையும் கடந்து, நினைவாற்றல் பற்றிய தம் 1885-ஆம் ஆண்டு நூலுக்கு முழுவதும் தம்மையே சோதித்துக்கொண்டார்.

சொற்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. லைப்சிக் ஆய்வறிக்கைகளில் அமர்பவருக்கு நிலையான ஒரு பெயரே இல்லை. 'உற்றுநோக்குபவர்', 'எதிர்வினை புரிபவர்' என்று பலவாறாக அவரைக் குறித்தனர். 'சப்ஜெக்ட்' என்னும் ஆங்கிலச் சொல் உளவியலுக்கு வந்த வழியைக் கர்ட் டான்சிகர் தமது 1990-ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்துள்ளார். உடற்கூற்றியலில் அறுக்கப்படும் பிணத்துக்கும், பின்னர் மருத்துவரின் கையில் உள்ள நோயாளிக்கும், பிரெஞ்சு மருத்துவர்களிடையே அறிதுயிலில் ஆழ்த்தப்பட்டவருக்கும் வழங்கிய சொல் அது. அரசனுக்குக் கீழ்ப்பட்ட குடியையும் அதே சொல் குறிக்கும் என்பது ஆங்கிலம் அறிந்தார்க்குத் தெரியும். நம் வளாகப் பேச்சிலோ 'சப்ஜெக்ட்' என்றால் பாடம். பாடத்தை எடுத்தவரே பாடமாகிப்போவதை இச்சொல்லைப் போல் சுருக்கமாக வேறு எதுவும் சொல்லாது.

மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பதற்கு ஹார்வர்டில் ஒரு சான்று உண்டு. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற கெர்ட்ரூட் ஸ்டைன் அங்கே ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் மாணவியாக இருந்தார். அவரும் லியோன் சாலமன்ஸும் 1896-இல் வெளியிட்ட தன்னியக்கச் செயல்கள் பற்றிய கட்டுரையில் சோதிக்கப்பட்டவர்கள் அவ்விருவருமே. 1898-இல் ஸ்டைன் தனியே வெளியிட்ட தொடர்கட்டுரையில் சோதிக்கப்பட்டவர்கள் ஹார்வர்டு, ராட்கிளிஃப் மாணவ மாணவியர். அவர்களைக் குணவகைகளாகப் பிரிப்பவர் ஸ்டைன். இரண்டே ஆண்டுகள்.

அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வுண்டின் மாணவர் எட்வர்ட் டிட்ச்னர் பழைய முறையைப் பாடத்திட்டமாகவே உறையவைத்தார். 1901, 1905 ஆகிய ஆண்டுகளில் வந்த அவருடைய ஆய்வுக்கூடக் கையேடு, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் தனித்தனியாக நான்கு தொகுதிகள் கொண்டது. மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் சோதிப்பவராகவும் மற்றவர் உற்றுநோக்குபவராகவும் இருந்து பயிற்சி பெற வேண்டும். அமெரிக்காவில் இம்முறை நீண்டநாள் தாக்குப்பிடிக்கவில்லை. நடத்தையியம் எழுந்தபோது அகநோக்கு மதிப்பிழந்தது. எண்ணிக்கைகளின் சராசரி வேண்டியிருந்தது. சராசரிக்குப் பலர் வேண்டும். பலர் கூடியிருந்த இடம் அறிமுக வகுப்பு. உளவியல் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு மாணவர்களின் நடத்தை பற்றிய அறிவியலாகிவிட்டது என்று க்வின் மக்நெமர் 1946-லேயே குறைபட்டுக்கொண்டார். எவரும் செவிமடுத்ததாகத் தெரியவில்லை.

மாணவர்கள் எவ்வளவு பணிவானவர்கள் என்பதை மார்ட்டின் ஓர்ன் 1962-இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. எவரும் பாதியில் விட்டெறிந்துவிடும் அளவுக்குப் பொருளற்ற ஒரு வேலையை அவர் தேடினார். ஒவ்வொன்றிலும் 224 கூட்டல் கணக்குகள் கொண்ட 2,000 தாள்களை ஒருவர் முன் அடுக்கி, கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, 'தொடருங்கள், பிறகு வருகிறேன்' என்று சொல்லிச் சென்றார். ஐந்தரை மணிநேரத்துக்குப் பின்னும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சலித்து விட்டுக்கொடுத்தவர் சோதித்தவரே. சோதிக்கப்படுபவர் வெறும் பொருளாக இருப்பதில்லை, தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது என்னவென்று ஊகித்து அதை நிறைவேற்ற முயல்கிறார் என்பதே ஓர்னின் முடிவு. மாணவர்–ஆசிரியர் உறவு முழுவதும் அவ்வூகத்துள் அடங்கியிருக்கிறது. மதிப்பெண் தரும் துறையே மனத்தையும் அளக்கும்போது, அளவையும் பணிவையும் எப்படிப் பிரித்தெடுப்பது?

அமெரிக்க உளவியல் கழகத்தின் நெறிமுறைகள் காலப்போக்கில் திருந்தின. பங்கேற்பு வகுப்பின் கட்டாயமாக இருப்பின், அதற்கு நிகரான மாற்றுவேலையையும் மாணவர்க்குத் தர வேண்டும் என்பது இன்றைய விதி. அக்கழகத்தின் 1994-ஆம் ஆண்டு நடைக்கையேடு 'சப்ஜெக்ட்' என்பதற்கு மாற்றாகப் 'பங்கேற்பாளர்' என்று எழுதப் பரிந்துரைத்தது. சொல் மாறியது; ஆள் மாறவில்லை. ஒரு முன்னணி சமூக உளவியல் ஆய்விதழைப் பரிசீலித்த ஜெஃப்ரி ஆர்னெட்டின் கணக்கு 2008-இல் வந்தது. அமெரிக்க ஆய்வுகளுள் 67 விழுக்காடு உளவியல் படிக்கும் இளநிலை மாணவர்களை மட்டுமே கொண்டவை. 2010-இல் ஜோசப் ஹென்ரிக்கும் உடனாய்வாளர் இருவரும் இத்தகைய மாணவர்களை மனித இனத்தின் பதிலாளாகக் கொள்ள முடியாது என்று விரிவாக நிறுவினர். கண்ணுக்கு நேரே இரு கோடுகளை வைத்துக் காட்டும் முல்லர்–லையர் மாயத்தோற்றம்கூடச் சமூகத்துக்குச் சமூகம் அளவில் வேறுபடுகிறது.

இந்திய வகுப்பறையின் கதை இதிலிருந்து விலகிச் செல்கிறது. அவ்விலகல் போதிய கவனம் பெறவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்முறை உளவியல் பாடத்திட்டத்தைப் பிரஜேந்திரநாத் சீல் 1905-இல் வரைந்தார்; ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியில் 1916-இல் துறை தொடங்கியது. பொறுப்பேற்ற நரேந்திரநாத் சென்குப்தா ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். மூன்ஸ்டர்பெர்க் வுண்டின் மாணவர். லைப்சிக் முறை இரண்டு கைமாறி ஊக்ளிக் கரையை அடைந்தது. அங்கே முதன்முதலில் படிக்கச் சேர்ந்தவர்களுள் ஒருவர் கிரீந்திரசேகர் போஸ். அவர் ஏற்கனவே மருத்துவராகத் தொழில் செய்துகொண்டிருந்தவர். 1917-இல் முதுநிலைப் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். மைசூரில் 1924-இல் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசாமி இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். (தம் வீட்டிலிருந்து வானொலி ஒலிபரப்பிய அவர் அதற்கு வைத்த 'ஆகாசவாணி' என்ற பெயரை நாடே பின்னர் எடுத்துக்கொண்டது. அவர் கற்பித்த உளவியலை அந்த அளவுக்கு எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.)

இவ்வழியே வந்த ஒன்று நம் கல்லூரிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது: செய்முறைப் பதிவேடு. இளநிலை உளவியல் மாணவியர் இருவர் இருவராக அமர்கின்றனர். ஒருத்தி 'ஈ', மற்றவள் 'எஸ்'. முல்லர்–லையர் கருவி, கவன வீச்சு, சொல்தொடர்பு ஆய்வு எனச் செய்து, பின் இடம் மாறிக்கொள்கின்றனர். நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்ற தலைப்புகளோடு பல பதிவேடுகளில் 'அகநோக்கு அறிக்கை' என்று ஒரு தலைப்பும் உண்டு. அமெரிக்கா நூறாண்டுக்கு முன் கைவிட்ட லைப்சிக் இருவர் முறையைக் கோயம்புத்தூரிலும் தார்வாடிலும் பத்தொன்பது வயதுப் பெண்கள் பழுப்பு அட்டை போட்ட ஏட்டில் தொடர்கின்றனர். இதைப் பின்தங்கிய நிலை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு மாணவருக்குக் கிட்டாத ஒன்று இவர்களுக்குக் கிட்டுகிறது: அளக்கப்பட்ட கை அடுத்த மணியில் அளக்கிறது. ஏமாற்றப்படுவதன்றி என்ன நிகழ்கிறது என்பதை அறிந்தே அமர்கின்றனர்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அகநோக்கு என்பது மொழியால் நிகழ்வது. லைப்சிக்கில் அமர்ந்தவர்களுள் பெரும்பாலோர் தம் தாய்மொழியில் தம் மனத்தைச் சொன்னார்கள். இங்கே 'எஸ்' தமிழிலோ கன்னடத்திலோ உணர்ந்ததைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூத்த மாணவியின் பழைய ஏட்டைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு. 'முதலில் பதற்றமாக இருந்தேன், பிறகு ஆர்வம் ஏற்பட்டது' என்ற பொருளில் ஒரே வாக்கியம் ஏடுதோறும் வருவதன் காரணம் சோம்பல் மட்டுமன்று. சொல்தொடர்பு ஆய்வுக்குக் கென்ட்டும் ரோசனாஃபும் 1910-இல் தொகுத்த 100 சொற்கள் ஆங்கிலம் பேசும் 1,000 பேரின் விடைகளோடு ஒப்பிடுவதற்கானவை. அப்பட்டியலைத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர் முன் வைத்தால், வெளிவருவது அவருடைய மனத்தொடர்பா, அகராதித் தொடர்பா? 1935-இல் வந்த ஸ்ட்ரூப் சோதனையிலும் இதே சிக்கல். நிறத்தின் பெயரைப் படிக்காமல் இருக்க முடியாத அளவுக்குச் சரளமாக வாசிக்கும் மொழியில்தான் அதன் இடையூறு முழுமையாக வெளிப்படும். ஆங்கிலத் தாளில் குறைந்த இடையூறு காட்டும் மாணவியின் ஏட்டில் 'கவனக்கட்டுப்பாடு மிகுதி' என்று முடிவெழுதப்படக்கூடும். அதே தாளைத் தமிழில் அச்சிட்டுத் தந்து பார்த்தால் போதும்; செலவு ஒரு தாள்.

தமிழ்ப் பாடநூல்களில் 'எஸ்'ஸுக்கு ஒருமித்த பெயர் இன்னும் அமையவில்லை. 'சோதிக்கப்படுபவர்', 'ஆய்வுக்கு உட்படுபவர்', 'பங்கேற்பாளர்' எல்லாம் வழங்குகின்றன. முதலிரண்டும் செயப்பாட்டில் நிற்கின்றன; மூன்றாவது அமெரிக்கத் திருத்தத்தின் மொழிபெயர்ப்பு. லைப்சிக்கின் 'உற்றுநோக்குபவர்' மட்டும் அப்பாடநூல்களுக்குள் வரவில்லை. பதிவேட்டில் அகநோக்கு அறிக்கை எழுதும் மாணவி உண்மையில் செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான்.