நாற்காலிக்கு முன்னால் வரும் பயம்

நாளைக்குப் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் இன்றைக்கு உங்களுக்கு எப்படி இருக்கும்? அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் கோரா 1969-இல் வெளியிட்ட படிவம் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்த கேள்வி, முறைக்காக வெளியே காத்திருக்கும் நேரத்தைப் பற்றியது. மூன்றாவதில் நாற்காலியில் சாய்ந்தாயிற்று, டாக்டர் பல்லைக் குடையும் மெஷினைத் தயார் செய்கிறார். நான்காவதில் பல் சுத்தம் செய்யும் கருவிகளை எடுக்கிறார். கேள்விக்கு ஐந்து விடை. மதிப்பெண் 4 முதல் 20 வரை. நான்கில் ஒன்றுகூட வலிக்கும் நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மெஷின் பல்லைத் தொடும் முன்பே படிவம் முடிந்துவிடுகிறது.

கோரா அதற்கு வைத்த பெயரில் 'ஆங்சைட்டி' இருக்கிறது. 1973-இல் க்ளைன்க்னெக்ட் குழுவினர் கொண்டுவந்த இன்னொரு படிவம் அதே சங்கதியை 'ஃபியர்' என்றது. இரண்டையும் நாம் 'பயம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆனால் முதல் சொல்லின் பூர்வீகம் வேறு.

லத்தீனில் 'ஆங்கெரே' என்றால் குரல்வளையை நெரிப்பது. அதிலிருந்துதான் 'ஆங்சைட்டி' கிளைத்தது; ஜெர்மன் மொழியின் 'ஆங்ஸ்ட்' லத்தீனிலிருந்து வரவில்லை, ஆனால் அதே மூல வேர்தான். தொண்டை அடைப்புக்குப் பெயராக இருந்த 'ஆஞ்சைனா' பிற்காலத்தில் நெஞ்சுக்கு இறங்கி, இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை வந்திருக்கிறது. குறுகலான இடத்தைக் குறிக்கும் ஜெர்மன் 'எங்', துன்பத்தையும் பாவத்தையும் குறிக்கும் சமஸ்கிருத 'அம்ஹஸ்' எல்லாம் ஒரே குடும்பம். ஆக, இது இறுக்கத்தின் பெயர். தமிழிலும் இறுக்கம் துன்பத்தின் பெயராகியிருக்கிறது. நெருக்கடி, இக்கட்டு என்கிறோம்; இடுக்கண் என்பதை இடுங்கிய கண் என்று பிரித்துப் பொருள் சொல்லும் வழக்கும் உண்டு. ஆனால் நெருக்கடி வெளியே இருப்பது. நெருக்கடியில் 'மாட்டிக்கொள்கிறோம்'; 'எனக்கு உள்ளுக்குள் நெருக்கடியாக இருக்கிறது' என்று காத்திருக்கும் பெஞ்சில் யாரும் சொல்வதில்லை.

ஃபிராய்டு 1920-இல் எழுதிய நூல் ஒன்றில் மூன்று ஜெர்மன் சொற்களைப் பிரித்து வைத்தார். திடுக்கிடல் ஒன்று. குறிப்பிட்ட பொருளைக் கண்டு வரும் பயம் இன்னொன்று. வரப்போவது இன்னதென்று தெரியாவிட்டாலும் அதை எதிர்பார்த்து இறுகுவது மூன்றாவது, அதுதான் ஆங்ஸ்ட். அவரை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி பெரும்பாலும் 'ஆங்சைட்டி' என்றே போட்டார். அது முழுதாகப் பொருந்தவில்லை என்று தனிக் குறிப்பும் எழுதிவைத்தார். இந்தப் பிரிவினைப்படி பார்த்தால் ஊசி, மெஷின், பிடுங்கும் குறடு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள். 'ஃபியர்' என்பதே சரி. கேள்விகளோ எல்லாம் காத்திருப்பைப் பற்றியவை. அதனால் கோரா வைத்த பெயரையும் குறை சொல்வதற்கில்லை.

1969-இன் படிவத்தில் 'ஆங்சைட்டி'யின் உறவுச் சொல் கடைசி மூன்று கேள்விகளின் விடைப் பட்டியலிலும் இருந்தது, நாலாவது படியாக. நிம்மதி, கொஞ்சம் சங்கடம், 'டென்ஸ்', அதற்கு மேல் 'ஆங்சியஸ்', உச்சியில் வேர்த்துக் கொட்டி உடம்புக்கே முடியாமல் போகிற நிலை. 'டென்ஸ்' பெரிதா, 'ஆங்சியஸ்' பெரிதா என்பது அவரவர் காதைப் பொறுத்தது. 1995-இல் ஹம்ஃப்ரிஸ், மோரிசன், லிண்ட்சே மூவரும் அந்தப் படிவத்தைத் திருத்தினார்கள். ஈறில் போடும் மரத்துப்போகிற ஊசியைப் பற்றி ஐந்தாவது கேள்வி சேர்ந்தது. விடைகள் எல்லாம் ஒரே சொல்லின் அளவுகளாயின: 'ஆங்சியஸ்' அறவே இல்லை என்பதிலிருந்து அளவுகடந்து இருக்கிறது என்பது வரை. மதிப்பெண் 5 முதல் 25. 19-ஐத் தொட்டால் கடுமை. ஒரு படியாக இருந்த சொல் இப்போது ஏணி முழுவதும் ஆகிவிட்டது. வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர் இந்த ஒரு சொல்லில் சறுக்கினால் ஐந்து கேள்வியும் சேர்ந்து சறுக்கும்.

இதன் தமிழ் வடிவம் சென்னையில் சோதிக்கப்பட்டு 2012-இல் ஆய்விதழில் வந்தது. அப்படி ஒரு வடிவத்துக்கு உட்கார்கிறவர் முன்னால் என்னென்ன சொற்கள் வந்து நிற்கும்?

முதலில் அச்சம். எஞ்சு எச்சமானது போல, மிஞ்சு மிச்சமானது போல அஞ்சு அச்சமானது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாட்டில் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன். பல் பிடுங்குபவர் அந்தப் பட்டியலில் இல்லை! மதிப்பான சொல்தான், ஆனால் பேச்சில் இறந்துவிட்டது.

கவலை சங்கப் பாட்டில் வழி இரண்டாகக் கவர்த்துப் பிரிகிற இடத்துக்கும் பெயர். எந்தப் பக்கம் போவது என்ற தவிப்பிலிருந்து மனக்கவலை வந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. இன்று கவலை என்றால் மகள் கல்யாணம், வீட்டுக் கடன். ஊசிக்கு யாரும் கவலைப்படுவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் கை இயல்பாகப் போவது பதற்றத்துக்கு. ஏறு ஏற்றம், மாறு மாற்றம் என்ற வரிசையில் பதறு பதற்றம். 'பதட்டம்' என்று எழுதினால் திருத்துகிற தமிழாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியில் பதறுவது அவசரப்படுவது. செய்தித்தாளிலோ பதற்றமான வாக்குச்சாவடி, பதற்றம் நிலவும் பகுதி. அவசரமும் கலவரமும் கலந்த இந்தச் சொல், நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பவரைச் சொல்லுமா? எனக்குச் சந்தேகம்தான்.

படபடப்பு உடம்புக்கு நெருக்கமானது. ஆனால் பிரஷரும் சர்க்கரையும் உள்ள பெரியவர், வேளைக்குச் சாப்பிடாததால் வந்த படபடப்பை நினைத்து விடை போட்டுவிடுவார். கோராவின் மூன்றாம் படியோடு பிறந்த டென்ஷன் தமிழ்நாட்டுக்கு வந்து கோபமாகவும் மாறிவிட்டது. 'டென்ஷன் ஆகாதீங்க' என்றால் எரிச்சல்படாதீர்கள் என்று அர்த்தம். இலங்கைத் தமிழ் மனநல எழுத்தில் பதகளிப்பு என்ற அருமையான சொல் புழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் அதைப் படிவத்தில் போடலாம், மதுரையில் விளக்கவுரை வேண்டும்.

தவறான சொல்லைச் சோதனை பிடித்துவிடாதா என்றால், எல்லாச் சோதனையும் பிடிக்காது. தமிழாக்கத்தை இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்குவார். பதற்றத்தைப் பார்த்ததும் அவரும் அகராதிப்படி 'ஆங்சைட்டி' என்றே எழுதுவார், மூலத்தோடு அழகாகப் பொருந்தும். அடுத்தது, லீ க்ரோன்பாக் 1951-இல் பரவலாக்கிய ஆல்ஃபா. விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது சொல்லும். ஐந்து கேள்வியிலும் ஒரே சொல் இருக்கும்போது, அதை அவசரம் என்று புரிந்துகொண்டவரும் ஐந்திலும் அப்படியே புரிந்துகொள்வார். ஆல்ஃபா உயர்ந்தே நிற்கும், அளந்தது அவசரத்தை. இதைப் பிடிப்பது, பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து 'இந்த வார்த்தையைப் படிச்சதும் என்னங்க நினைச்சீங்க?' என்று கேட்கிற சாதாரண வேலைதான்.

என் ஓட்டு பயத்துக்கு. வடமொழியிலிருந்து வந்தாலும் குழந்தை முதல் கிழவி வரை வாயில் உள்ள சொல் அதுதான்: 'ஊசின்னா பயம்', 'பல்லு புடுங்கறதுன்னா பயம்'. அதிலும் ஒரு கோளாறு உண்டு. மீசை வைத்த ஆளிடம் பயமா என்று கேட்டால் 'சேச்சே, எனக்கென்ன பயம்' என்பார். பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்? பலருக்கும் இப்படிப் பயம் இருக்கும் என்று கேள்விக்கு முன்னால் ஒரு வாக்கியம் சேர்த்தால் கூச்சம் குறையும், மதிப்பெண் ஏறும். ஏறினால் 19 என்ற எல்லை நிற்காது, அது ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலம் பேசுபவர்களிடம் கண்ட எண். தமிழில் அந்த எல்லையைப் புதிதாகத்தான் தேட வேண்டும், பயத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் குவிகிறார்கள் என்று பார்த்து.